சமூகப் பணியாளர் ஆக என்னென்ன குணம், என்னென்ன திறமை வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையில் சில ஆண்டுகள், அப்புறம் குழந்தைகள் பாதுகாப்பில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவர்களின் களப்பணிக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். கல்லூரிச் சேர்க்கை நேரம் வந்தால் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் போனில் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக இதை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. சம்பவங்களில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சமூக சேவையும் சமூகப் பணியும் ஒன்றுதானே?

ஊரில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ரத்ததான முகாம் நடத்துபவர், சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல் போடுபவர், சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் 'சமூக சேவகர்' என்று அடித்துக்கொள்பவர், நான், எல்லோரும் ஒரே வரிசைதான். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் படிக்க வருகிறவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பாட்டிக்கு மூன்று மாதமாக முதியோர் உதவித்தொகை வரவில்லை என்று வையுங்கள். கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்துவிட்டு வருவது சேவை. தப்பே இல்லை. பணியாளர் கேட்பது வேறு. ஏன் நின்றது? வங்கிக் கணக்கில் ஏதாவது சிக்கலா? வீடு மாறியதில், விசாரிக்க வந்தவர் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டாரா? இல்லை, பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது, மகன் ஏ.டி.எம். அட்டையை வைத்துக்கொண்டு எடுத்துவிடுகிறாரா? மூன்றுக்கும் போகவேண்டிய இடம் வேறு. மூன்றாவதாக இருந்தால் பாட்டி மகன்மேல் புகார் கொடுக்கவே சம்மதிக்கமாட்டார். அப்போது வேலை தாலுகா அலுவலகத்தில் இல்லை, அந்த வீட்டுத் திண்ணையில்.

இது பயிற்சியால் வருகிற பார்வை. அதற்கென்றே மும்பையில் 1936-இல் டாடா அறக்கட்டளை ஒரு பள்ளி தொடங்கியது. அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது.

எனக்கு இரக்க குணம் அதிகம். அது போதாதா?

விண்ணப்பத்தில் பத்தில் எட்டுப் பேர் எழுதுவது இதைத்தான். இரக்கம் இல்லாதவர் இந்தப் பக்கம் வரவேமாட்டார், அதனால் அதைத் தனித் தகுதியாக நான் கணக்கில் எடுப்பதில்லை. சொல்லப்போனால், கட்டுப்பாடில்லாத இரக்கத்தால் நடந்த சேதத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதலில் நான் செய்ததையே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. காப்பகத்தில் ஒரு பையன், பதினொரு வயது இருக்கும். பார்க்கும்போதெல்லாம் 'வீட்டுக்கு எப்பக்கா அனுப்புவீங்க' என்று கேட்பான். ஒருநாள் மனம் தாங்காமல், 'அடுத்த வாரம் நானே கூட்டிட்டுப் போறேன்டா' என்று சொல்லிவிட்டேன். அனுப்பும் அதிகாரம் எனக்கில்லை. குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யவேண்டும், அதற்கு வீட்டு விசாரணை அறிக்கை வரவேண்டும், அந்த அறிக்கை வேறு மாவட்டத்திலிருந்து வரவேண்டும். வரவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது பையன் துணியெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொண்டு வாசல் கதவருகே உட்கார்ந்திருந்தான். காலையில் சாப்பிடக்கூட உள்ளே வரவில்லையாம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் என்னிடம் பேசவில்லை. ஏற்கெனவே பெரியவர்கள் பலரும் ஏமாற்றிய பிள்ளை, அந்தப் பட்டியலில் நானும் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து நான் மாணவர்களிடம் முதலில் பார்ப்பது, சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, 'இது என் கையில் இல்லை, ஆனால் வியாழக்கிழமை வந்து எந்த அளவில் இருக்கிறது என்று சொல்கிறேன்' என்று சொல்லத் தெரிகிறதா என்பதைத்தான். அப்புறம், வியாழக்கிழமை போகிறாரா என்று.

நான் கூச்ச சுபாவம். அதிகம் பேசமாட்டேன். இந்த வேலைக்கு சரிப்படுவேனா?

நன்றாகச் சரிப்படுவீர்கள். மேடையில் வெளுத்துவாங்குகிற மாணவர்களைத்தான் முதல் மாதம் அடக்கவேண்டியிருக்கிறது. இந்த வேலையில் பாதிக்கு மேல் கேட்பது. அதுவும் சும்மா காது கொடுப்பது கிடையாது. பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டினோமே, கொட்டாவிட்டால் கதை நின்றுபோகுமே, அந்த மாதிரி. நாம் கொட்டும் 'ம்' எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துக் கதை திசை மாறும். அழுகையில் 'ம்' சொல்லலாம். சந்தேகமான இடத்தில் சொன்னால் நாம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிடவேண்டிய ஒருவர் இரண்டாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டார். 'ஏங்க நிறுத்தினீங்க?' என்று கேட்டால் என்ன வரும்? 'மறந்துட்டேன்', 'இனிமே சாப்பிடறேன்', அவ்வளவுதான். தமிழில் 'ஏன்' என்பது பாதி நேரம் கேள்வியே இல்லை, அதட்டல். சின்ன வயதில் 'ஏன் லேட்டு' என்று கேட்டுத்தானே அடித்தார்கள். அதையே 'மாத்திரை சாப்பிட்ட நாட்கள்ல உடம்பு எப்படி இருந்துச்சு?' என்று கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் எரிச்சல், இரவு வாட்ச்மேன் வேலை, மாத்திரை கொண்டுவருகிறவர் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் விசாரிப்பார், தங்கைக்குப் பெண்பார்க்க வருகிறார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். அதில் மூன்றாவதும் நான்காவதும்தான் காரணம். முதல் இரண்டும் நம்மை அளந்து பார்க்கச் சொன்னவை.

'அப்புறம்?' என்ற ஒரு சொல் போதும் பல நேரங்களில். அதைவிட நல்லது, பேசாமல் இருப்பது. புதிதாக வருகிறவர்களால் ஐந்து நொடி மௌனத்தைத் தாங்க முடியாது, உடனே ஒரு அறிவுரையைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பாருங்கள் என்பேன்.

இன்னொன்று, நம் ஊரில் நோயாளியிடம் கேட்டால் கூட வந்தவர்தான் பதில் சொல்வார். மருமகளிடம் கேட்டால் மாமியார், மனைவியிடம் கேட்டால் கணவர். அவர்களை முறைத்துப் பயனில்லை. 'எடை பார்க்கணும், நீங்க இப்படி உட்காருங்க' என்று இரண்டு நிமிடம் பிரித்துக் கூட்டிப்போகும் சாமர்த்தியம் ஒரு திறமைதான். பாடத்தில் வராது, வார்டில் இருக்கும் அனுபவமுள்ள செவிலியரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

யாராவது அழுதால் நானும் அழுதுவிடுவேன். இது பலவீனமா?

இல்லை. கண் கலங்குவதில் ஒன்றும் கெட்டுப்போகாது. உங்களை எதிரில் இருப்பவர் சமாதானப்படுத்தவேண்டிய நிலைமை வந்தால்தான் சிக்கல். அமெரிக்கப் பாதிரியார் ஃபெலிக்ஸ் பியஸ்டெக் 1957-இல் வகுத்த ஏழு கொள்கைகளை முதல் பருவத்திலேயே படிப்பீர்கள். அதில் ஒன்று, கட்டுக்குள் வைத்த உணர்வு ஈடுபாடு. தேர்வுக்கு எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது என்னவென்று எனக்குப் புரிந்தது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்.

மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் உறுப்பு தானம் பற்றிப் பேசுவது பல மருத்துவமனைகளில் சமூகப் பணி படித்த ஒருங்கிணைப்பாளரின் வேலை. இதயம் துடிக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறது, ஆனால் ஆள் இறந்துவிட்டார் என்பதை அந்தத் தாய் ஏற்கவேண்டும். அதற்கு முன்னால் தானம் என்ற சொல்லை எடுத்தால், பிள்ளையைக் கொன்று உறுப்பை எடுக்கப்பார்க்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். ஆக அங்கே நம் வேலை முதலில் உட்காருவது. தண்ணீர் வாங்கிக் கொடுப்பது, ஊரிலிருந்து வரவேண்டியவர் யார் என்று கேட்பது, மருத்துவர் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லி எந்த அளவு புரிந்திருக்கிறது என்று பார்ப்பது. 'இனிமே என்ன பண்றது' என்று அவர்களே கேட்கும் வரை காத்திருக்கவேண்டும். 'வேண்டாம்' என்று சொன்னால் முகம் மாறாமல் உடலை ஊருக்குக் கொண்டுபோக உதவவேண்டும். நாம் உடைந்துவிட்டால் இதில் எதையும் செய்ய முடியாது. கல்லாக இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள்.

சாதி, மதம், சொந்தக் கருத்து இதெல்லாம் வேலையில் குறுக்கே வருமா?

வரும். 'நான் அதெல்லாம் பார்ப்பதில்லை' என்று சொல்கிற மாணவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

கிராமத்துக்குள் போனதும் 'நீங்க எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள?' என்று கேட்பார்கள். என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் எந்தத் தெருவுக்குப் போனீர்கள், காலனியில் டீ கொடுத்தபோது குடித்தீர்களா, 'இப்பதான் குடிச்சேன்' என்று நழுவினீர்களா, ஊர்த் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கெடுத்தீர்களா, எல்லாவற்றையும் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மாணவி பத்து நாள் கிராம முகாமில் தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரையே குடித்தாள். வயிற்றுக்கு ஒத்துக்காது என்பதுதான் உண்மைக் காரணம். காலனிப் பெண்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

இதற்கு மருந்து, நமக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது. எனக்குக் குடிப்பவர்கள் மேல் கோபம் உண்டு, வீட்டு அனுபவம் அப்படி. அதனால் குடிநோய் சம்பந்தப்பட்ட வழக்கில் என் குறிப்பை எப்போதும் இன்னொருவரிடம் படிக்கக் கொடுப்பேன். பல வருடம் ஆகியும் இன்றும் கொடுக்கிறேன்.

அடிவாங்கிய பெண் அதே கணவரிடம் திரும்பிப் போகிறேன் என்கிறார். தடுக்கக்கூடாதா?

மாணவர்கள் மனம் உடைந்து போவது இந்த இடத்தில்தான். மூன்று நாள் உட்கார்ந்து பேசி, 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவருக்கு என்ன உரிமை என்று விளக்கி, பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க ஏற்பாடு செய்த பிறகு, அவர் 'புள்ளைங்களுக்குப் பரீட்சை வருதுங்க' என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முடிவு அவருடையது. இதைச் சொல்வது சுலபம், அந்த நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது கஷ்டம். ஆனால் 'போனால் எங்களிடம் திரும்ப வராதீர்கள்' என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அடுத்த முறை அவருக்கு வர இடம் இருக்காது. கிளம்புகிறவரிடம் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இவற்றின் நகல் நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். 181 என்ற பெண்கள் உதவி எண் மனதில் இருக்கட்டும், போனில் சேமிக்கவேண்டாம். ராத்திரி ஓடவேண்டி வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம்? அடுப்படியில் சண்டை வந்தால் எந்தப் பக்கம் வெளியேறலாம்? இதையெல்லாம் பேசி அனுப்பிய ஒருவர் ஏழு மாதம் கழித்து இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். நகல்கள் அக்கா வீட்டில் பத்திரமாக இருந்தன.

ரகசியம் காப்பது என்றால் யாரிடமும் எதையும் சொல்லக்கூடாதா?

வீட்டில் சொல்லக்கூடாது, பேருந்தில் போனில் பேசக்கூடாது, வாட்ஸ்ஆப்பில் படம் போடவே கூடாது. பெயரை விட்டுவிட்டுச் சொன்னாலும் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆகாது.

ஆனால் எல்லா ரகசியத்தையும் காக்க முடியாது, அதை முன்கூட்டியே சொல்லும் நேர்மை வேண்டும். பிரசவப் பிரிவுக்கு வரும் பெண்ணுக்குப் பதினேழு வயது என்று வையுங்கள். காதல் திருமணம், சந்தோஷமாகத்தான் இருக்கிறார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் குழந்தை. 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைத்தால் நமக்கே தண்டனை உண்டு. 'என்கிட்ட எது வேணாலும் சொல்லும்மா, வெளிய போகாது' என்று ஆரம்பித்துவிட்டு, வயது தெரிந்ததும் காவல் நிலையத்துக்குப் போன் செய்வது துரோகம். 'சில விஷயங்களை நான் சொல்லியே ஆகணும், வயசு சம்பந்தப்பட்டதும் உயிருக்கு ஆபத்தானதும் அதுல வரும்' என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடவேண்டும். சிலர் அதற்குப் பிறகு வாயே திறக்கமாட்டார்கள். பரவாயில்லை. இந்தச் சட்டம் காதல் விவகாரங்களில் எப்படிப் போய் முடிகிறது என்பதில் எனக்குச் சொந்தக் கருத்து உண்டு. பணி நேரத்தில் அதற்கு இடமில்லை.

எழுத்து வேலை அதிகம் இருக்குமா?

இருக்கும், நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரவேண்டும். குழு கேட்கும் சமூக விசாரணை அறிக்கையை 15 நாட்களில் முடிக்கவேண்டும். அந்தப் பிள்ளை எங்கே வளரப்போகிறது என்பது அந்தச் சில பக்கங்களைப் பொறுத்தது. எழுதியவர் கூட இல்லாத அறையில் அது படிக்கப்படும்.

'தாய் பொறுப்பற்றவர்' என்று ஒரு மாணவர் எழுதிக்கொண்டு வந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். காலை பத்து மணிக்குப் போனபோது தாய் தூங்கிக்கொண்டிருந்தார், அடுப்பு மூட்டவில்லை, நான்கு வயதுக் குழந்தை தெருவில் நின்றது. சரி, அதை எழுதுங்கள். தாய் எத்தனை மணிக்கு வேலையிலிருந்து வந்தார் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டார். மில்லில் இரவு ஷிப்ட், வீடு வந்து சேர ஏழரை. பக்கத்து வீட்டு அம்மா காலையில் குழந்தைக்கு இட்லி கொடுப்பது வழக்கம். இப்போது அறிக்கையில் 'பொறுப்பற்றவர்' என்ற சொல் இல்லை, பகல் நேரக் காப்பகம் வேண்டும் என்ற பரிந்துரை இருந்தது.

கண்ணால் கண்டது, பிறர் சொன்னது, நாம் நினைப்பது, இந்த மூன்றையும் தனித்தனியே எழுதத் தெரிந்தால் போதும். அழகான நடை தேவையில்லை. அன்றைக்கே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் மனம் அதற்குள் ஒரு கதை கட்டியிருக்கும்.

சட்டமும் அரசுத் திட்டங்களும் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

வக்கீல் அளவுக்கு வேண்டாம். எந்தக் கதவை எப்போது தட்டவேண்டும் என்று தெரியவேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், மனு கொடுத்தால் ரசீது வாங்கவேண்டும். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடும், தமிழ்நாட்டில் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்திருக்கின்றன. அங்கே பதிவேட்டில் ஏறிய கோரிக்கைக்கு இருக்கும் பலம் வாயால் சொன்னதற்கு இல்லை. உதவி எண்களும் தெரியவேண்டும்: குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416.

இவற்றைத் தாண்டி ஒரு திறமை உண்டு, அலுவலகங்களில் மனிதர்களோடு பழகுவது. கிராம நிர்வாக அலுவலரோடு சண்டை போட்டு ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம். அடுத்த இருபது சான்றிதழுக்கு என்ன செய்வீர்கள்? அதற்காகக் குழையவும் கூடாது. முழுமையான காகிதங்களோடு போய், 'சார், எது குறையுதுன்னு ஒரே தடவையா சொல்லிடுங்க' என்று நின்றால் பெரும்பாலும் நடக்கும். நடக்காதபோது மேல்முறையீடு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். நாலு தடவை அலையும் பொறுமை எனக்கு இயல்பில் கிடையாது, இந்த வேலை கற்றுக்கொடுத்தது.

ஒரு ஊரையே சேர்த்து வேலை செய்ய வேறு திறமை வேண்டுமா?

வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் சாலையோரம் குவிந்துகிடந்த பழைய துணிகளை மறக்கமாட்டார்கள். நல்ல மனதோடு லாரி லாரியாக அனுப்பியது, யாரும் எடுக்கவில்லை. என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய பாடம் நிவாரணப் பட்டியலில் இருந்தது. மீனவர் பஞ்சாயத்துகள் கட்டுக்கோப்பானவை, அவர்கள் வழியாகப் பட்டியல் எடுத்தால் வேலை வேகமாக முடியும். ஆனால் மீன் சுமந்தவர்கள், உப்பு ஏறிய வயலில் கூலி வேலை இழந்தவர்கள், கரையோரத் தலித் குடும்பங்கள், தனியாக வாழ்ந்த பெண்கள் என்று பலர் அந்தப் பட்டியலில் விடுபட்டார்கள். படகு இழந்தவரின் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது, அடுத்த நாள் கூலி இழந்தவரின் இழப்பு தெரியவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது எளிது. கூட்டத்துக்கு வராதவர் யார், ஏன் வரவில்லை என்று சுற்றிப்பார்க்கும் கண் வேண்டும்.

குடும்பத்தினரே தவறு செய்திருந்தால்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. படிக்கும் எவருக்கும் முதலில் வருவது அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் மேல் கோபம்தான். ஆனால் பல குடும்பங்கள் இருந்ததையெல்லாம் விற்றுச் செலவழித்து, களைத்து, பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லாமல், நோய் தீரும் என்ற கடைசி நம்பிக்கையாக ஏர்வாடி தர்காவுக்கு வந்தவர்கள். அவர்களைத் திட்டினால் அடுத்த முறை ஆளை நம் கண்ணில் படாத இடத்தில் கட்டிவைப்பார்கள். சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இல் தொடங்கிய பேன்யன் போன்ற மனநலத் தொண்டு நிறுவனங்களில் குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம். தவறைத் தவறு என்றே சொல்லவேண்டும். சொல்கிற குரல் காவலருடையதாக இருக்கக்கூடாது.

பெண் பிள்ளையைத் தனியாகக் களத்துக்கு அனுப்புவது பாதுகாப்பா?

பெற்றோர் தவறாமல் கேட்பது. வீட்டு விசாரணைக்கு முதல்முறை போகும்போது அங்கன்வாடிப் பணியாளரோ கிராம சுகாதாரச் செவிலியரோ கூட வந்தால் நல்லது, ஊரே அவரை அறியும். போகும் இடமும் திரும்பும் நேரமும் அலுவலகத்தில் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே உட்காரும்போது கதவுக்குப் பக்கத்தில். ஸ்கூட்டரைச் சாலையைப் பார்த்து நிறுத்துங்கள். வீட்டில் யாராவது குடித்திருந்தால் 'நாளைக்கு வர்றேங்க' என்று எழுந்துவிடலாம், அது கோழைத்தனம் இல்லை. இதையெல்லாம் ஒரு நிறுவனம் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பினால் அந்த நிறுவனத்தை மாற்றுங்கள்.

ஆண்கள் இந்தப் படிப்புக்கு வருகிறார்களா?

வருகிறார்கள், இன்னும் வரவேண்டும். குடிநோய் மையங்களிலும், சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களிடமும் நல்ல ஆண் பணியாளருக்குப் பெரிய தேவை இருக்கிறது. அந்தச் சிறுவர்களில் பலர் அடிக்காத ஆண் ஒருவரைப் பார்த்ததே இல்லை.

ஆங்கிலம் சரளமாக வராது. சிரமமா?

நிதி தரும் அமைப்புகளுக்கு அறிக்கை எழுத ஆங்கிலம் உதவும், போகப்போக வந்துவிடும். தமிழ்தான் எனக்குக் கவலை. நகரத்து மாணவர்களுக்கு 'தாய்மாமன் சீர்', 'புறம்போக்கு', 'ஒத்தி' எதுவும் தெரிவதில்லை. வீட்டை ஒத்திக்கு விட்டது (மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, திருப்பித் தரும்வரை வீட்டை அவரிடம் விடுவது) தெரியாமல் ஒரு குடும்பத்தின் வறுமையை எப்படிப் புரிந்துகொள்வீர்கள்?

எந்தப் பட்டம் வேண்டும்? எங்கே படிக்கலாம்?

எந்த இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம், இரண்டு ஆண்டு. இளங்கலையிலேயே பி.எஸ்.டபிள்யூ. உண்டு. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல், லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருச்சியில் பிஷப் ஹீபர், கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி. மனநலத் துறை பிடித்தால் பிறகு பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பக்கம் முயலலாம். பெயரைப் பார்ப்பதைவிட, களப்பணி வாரத்தில் எத்தனை நாள், மேற்பார்வையாளர் அறிக்கையைப் படித்துத் திருத்தித் தருகிறாரா என்று மூத்த மாணவர்களிடம் விசாரியுங்கள். களப்பணி சரியில்லாத கல்லூரியில் வகுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீண்.

சம்பளம்?

மறைக்காமல் சொல்கிறேன், ஆரம்பத்தில் குறைவு. அரசுத் திட்டப் பதவிகள் பல தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. தொண்டு நிறுவனங்களில் நிதி முடிந்தால் திட்டம் முடியும். அதனால்தான் நிறையப் பேர் மனிதவளப் பக்கம் போய்விடுகிறார்கள். அதற்குப் பழைய வேர் உண்டு: 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் வேண்டும் என்றது, எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கு அது ஒரு வழியாயிற்று. அப்படிப் போனவர்களை நான் குறை சொல்வதில்லை. வீட்டுக்கடன் எல்லோருக்கும் இருக்கிறது.

மனம் சோர்ந்துபோகாமல் எப்படி இருப்பது?

சோர்ந்துபோகும். நானும் ஒருமுறை ஐந்து மாதம் விலகி இருந்தேன். அதற்கு முன்னால் தெரிந்த அறிகுறி அழுகையோ தூக்கமின்மையோ இல்லை. ஒரு தாய் பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்தேன். எல்லாக் கதையும் ஒரே கதையாகக் கேட்கத் தொடங்கிவிட்டது. யோகா, இசை எல்லாம் நல்லதுதான். எனக்கு உதவியது, வாரம் ஒருமுறை ஒரு மூத்தவரிடம் உட்கார்ந்து வழக்குகளைப் பேசியது. அலுவலகப் போனை வீட்டுக்குள் அலமாரியில் வைத்தது. இத்தனை வழக்குக்கு மேல் முடியாது என்று எழுத்தில் கொடுத்தது. கடைசியதற்கு அந்த அலுவலகத்தில் நல்ல பெயர் கிடைக்கவில்லை.

நேர்முகத் தேர்வில் 'உங்கள் பலம் என்ன' என்றால் என்ன சொல்ல?

'பொறுமை, அன்பு, குழு மனப்பான்மை' என்று அடுக்காதீர்கள். நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். ஒரு பெண், தன் தாத்தாவின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆறு தடவை அலைந்ததை, எந்த நாளில் யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்பதோடு சொன்னாள். நோட்டில் எழுதிவைத்திருந்தாளாம். கேட்டுக்கொண்டிருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பலவீனம் என்ன என்று கேட்டால் உண்மையானதையே சொல்லலாம், அதற்கு என்ன செய்கிறீர்கள் என்பதோடு.

யாருக்கு இந்த வேலை ஒத்துவராது?

நன்றியை எதிர்பார்ப்பவருக்கு. தன் வீட்டுக் காயத்துக்கு மருந்தாக இதைத் தேடி வருபவருக்கும், குறைந்தபட்சம் அந்தக் காயத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் வரை. அடுத்தவரைத் திருத்தியே தீரவேண்டும் என்ற வேகம் உள்ளவருக்கும்.

சேருவதற்கு முன் என்னை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், செலவில்லாத வழி. உங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகையோ, விதவை உதவித்தொகையோ, மாற்றுத்திறனாளி அட்டையோ கிடைக்கவேண்டியும் கிடைக்காத ஒருவர் இருப்பார். அவரே சம்மதித்தால், இ-சேவை மையத்தில் தொடங்கிப் பணமோ அட்டையோ அவர் கைக்கு வரும்வரை கூடவே போங்கள். பணம் கொடுக்காதீர்கள், மனுவை அவரையே கொடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு நாளும் நடந்ததை அரைப்பக்கம் எழுதுங்கள். மூன்று மாதம் ஆகலாம். முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் கல்லூரியில்தான் இருப்பேன்.